வைத்தியசாலைக்குப் பொருள் சேர்க்கும் தொழில்



கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், பாடசாலை அதிபராய் இருப்பவன் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருத்தல் வேண்டும். நற்செய்தி கொண்டுவருவோர் வாசலில் நின்றபடியே அதனைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவர். மற்றையோர் உள்ளே வந்து அமர்வர். சில ஆண்டுகளின் முன் அவ்வாறு வந்தமர்ந்த மாணவி ஒருத்தி, "சேர், மெடிசின் கிடைக்கேல்லை. சின்னனிலையிருந்து ஆஸ்பத்திரியிலைதான் வேலை செய்யவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். இனி என்ன செய்யிறது?" என்று கேட்டாள். தாதியர் பயிற்சி, மருந்தாளர் பயிற்சி, ஆய்வுகூடப் பயிற்சி என்று எனக்குத் தெரிந்தவற்றை எடுத்துரைத்தேன். அன்று என் நினைவுக்கு வராத தொழிலொன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். வைத்தியசாலைகளுக்காக நன்கொடை திரட்டி, அதனை நிருவகித்து, கொடுத்தவருக்குக் கணக்கொப்புவிக்கும் தொழில் அது.

"இதுவும் ஒரு தொழிலா? கையேந்துவதற்குப் பயிற்சியும் வேண்டுமா?" என்று நேயர்களுள் சிலர் நகைக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்கு நிதி திரட்டுவோர் தமக்கென ஒரு சங்கத்தை 1967ஆம் ஆண்டிலேயே அமைத்துக்கொண்டனர். அங்குள்ள இந்தியானாப் பல்கலைக்கழகம் கொடைப்பணியைக் கற்பிப்பதற்கென ஒரு தனிக் கல்விப்பீடத்தை 2012இல் நிறுவியது. எமது நாட்டிலோ சம்பளத்துடன் கூடிய இத்தகைய பதவிகள் மிகச் சிலவே. அதனை மறைத்து இளைஞரை ஆசைகாட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் இங்கே வேலை இல்லாமலில்லை. வேலைக்குப் பெயர் சூட்டப்படவில்லை, அவ்வளவே.

இத்தொழிலின் இயல்பை விளக்க, எமது மண்ணோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லலாம். 1820ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி நோயாளருக்கு மருந்து கொடுத்த அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் என்பவரை அறிந்திருப்பீர்கள். அவருடைய பேர்த்தியே வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார். ஆண் வைத்தியரைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்க மறுத்த குடும்பங்களில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்த துயரம் அவரை வைத்தியம் கற்கத் தூண்டிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. அதன் பின் நடந்ததே எமது விடயத்துக்கு உரியது.

1899இல் பட்டம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேற இருந்த அவரிடம், வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்று கட்டுவதற்கு எண்ணாயிரம் டொலர் சேர்த்து வருமாறு பொறுப்பளிக்கப்பட்டது. காலமோ மிகக் குறுகியது. நியூயோர்க்கில் மிஷன் சங்கத்தோடு தொடர்புடைய ஓர் அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, இந்தியாவில் தாம் கண்டவற்றை ஐடா எடுத்துரைத்தார். அடுத்த அறையில் இருந்த அவ்வம்மையாரின் மைத்துனர், வங்கியாளரான ரொபேர்ட் ஷெல் என்பவர், அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை அழைப்பித்து, காலஞ்சென்ற தம் மனைவியின் பெயரால் வைத்தியசாலை அமைய வேண்டுமென்று சொல்லிப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை 1902இல் திறக்கப்பட்டது.

இதனை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. 'ஏழைகளுக்கு உதவுங்கள்' என்று பொதுப்படப் பேசாமல், இன்ன ஊரில், இன்னாருக்காக, இவ்வளவு தொகையில் ஒரு கட்டடம் என்று ஐடா வரையறுத்துக் கேட்டார். நேரிற் கண்டதைச் சொன்னார். கொடுத்தவருக்கும் ஒரு துயரம் இருந்தது. அத்துயரத்துக்குத் தகுந்த ஓரிடம் தேவைப்பட்டது. நன்கொடை திரட்டுவோன் முதலிற் கற்க வேண்டியது கேட்பதையன்று, கொடுப்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று செவிமடுப்பதையே.

வேலூர் மருத்துவக் கல்வி நிலையம் உள்ளிட்ட ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெருநிதி திரட்டப்பட்டது. பெண்கள் இரண்டு மில்லியன் டொலர் சேர்த்தால் தாம் ஒரு மில்லியன் தருவதாக றொக்பெல்லர் குடும்பத்தின் அறநிதியம் வாக்களித்தது. லூசி பீபொடி அம்மையார் முன்னின்று நடத்த, ஐடாவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். தொகை சேர்ந்தது. ஒருவர் கொடை மற்றவர் கொடையை இழுத்துவரும்படி நிபந்தனை வைக்கும் இம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. உங்கள் ஊர்ச் சங்கத்திலும் கையாளலாம்: வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர் ஐந்து இலட்சம் தர முன்வந்தால், ஊரவரும் ஐந்து இலட்சம் சேர்த்த பின்னரே அதனைத் தருமாறு அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரவர் கைப்பொருள் கலந்த வேலையை ஊரவர் கைவிடமாட்டார்.

எமது நாட்டு உதாரணமும் ஒன்றுண்டு. 2011 ஜூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து கடந்த பாதயாத்திரையை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்று அமைப்பதே அதன் நோக்கம். தெற்கிலுள்ளோர் வடக்கு நோயாளருக்காக நடந்தனர். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி திரட்டினர். நடந்தவர்களைப் பத்திரிகைகள் படம்பிடித்தன. வழியிலே குடிநீர், தங்குமிடம், பொலிஸ் அனுமதி, அன்றன்று சேர்ந்த பணத்தின் கணக்கு ஆகியவற்றைக் கவனித்தவர்களை எவரும் படம்பிடிப்பதில்லை. நான் சொல்லும் தொழில் அவர்களுடையது.

இனி, எமது சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எமது பழைய மாணவர் சங்கம் அயலிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்குக் குருதி சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக்கொடுக்க முற்பட்டது. நான் அதன் காப்பாளர். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பினர். சந்தையிலும் உண்டியல் வைத்தோம். மரக்கறி விற்கும் ஓர் ஆச்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐம்பது ரூபா போட்டுப் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குவார். இயந்திரம் வந்தது, மாலையிட்டு ஒப்படைத்தோம். அதன் பின் எட்டு மாதம் அது மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

காரணம் யாதெனில், அவ்வியந்திரம் ஒரு நோயாளிக்கு நான்கு மணித்தியாலச் சிகிச்சை அளிக்க ஏறத்தாழ 120 லீற்றர் மிகத் தூய நீரைக் கேட்கும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே செலுத்த இயலாது, ஆர்.ஓ. என்று சொல்லப்படும் நீர் சுத்திகரிப்புத் தொகுதி வேண்டும். அந்த வைத்தியசாலையில் அது இல்லை. பயிற்சி பெற்ற தாதியரும் போதவில்லை. இவற்றை நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தது எங்கள் பிழை. ஆச்சி மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், "மாஸ்ரர், அந்த மிசின் ஓடுதோ?" என்பார். பரீட்சை மண்டபத்தில் விடை தெரியாத மாணவனின் நிலை அப்போது எனக்கு விளங்கிற்று.

ஆதலால் இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர், பணம் கேட்கப் புறப்படுமுன் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் சென்று, வேண்டியது யாது, அதனை இயக்குவோர் யார், பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு என்பனவற்றை எழுத்திலே பெறப் பழகட்டும். கட்டடத்துக்குக் கொடுப்போர் பலர். பழுதுபார்க்கக் கொடுப்போர் அரியர். ஒரு பகுதியை முதலாக வைப்பிலிட்டு, வட்டியைக் கொண்டு பராமரிக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்படல் வேண்டும். ஒன்றுக்கெனத் தந்த பணத்தை வேறொன்றுக்குச் செலவிடலாகாது. மாற்ற நேரின் கொடுத்தவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். சேர்த்த தொகையில் நூற்றுக்கு இவ்வளவு எனத் தரகு பெறுவதை இத்துறையின் சங்கங்கள் ஒழுக்கக்கேடாகக் கொள்கின்றன. அது நியாயமே, தரகுக்காரன் நோயாளியின் கட்டிலருகிலும் கை நீட்டிவிடுவான். சம்பளம் சம்பளமாகவே இருக்கட்டும்.

இதற்கெனப் படிக்க வேண்டியவை கணக்கியலும் மொழிகளும். மூன்று மொழிகளிலும் ஒரு நன்றிக் கடிதத்தைப் பிழையின்றி எழுதக்கூடியவருக்கு இங்கே இடமுண்டு. கலைப்பட்டதாரிகள் வேலையற்றிருப்பதாகக் குறைகூறுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம், நானும் கலைப்பட்டதாரியே. பல்கலைக்கழகம் செல்லும் முன்னரே உள்ளூர் வைத்தியசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்து, கணக்குப் புத்தகத்தை ஓராண்டு எழுதிப் பார்க்கலாம். விரிவுரைகள் தராத அறிவை அப்புத்தகம் தரும்.

நீர் சுத்திகரிப்புத் தொகுதிக்காக மறுபடியும் உண்டியல் வைத்தோம். முன்னர் நேர்ந்ததை ஒளிக்காமல் அறிவித்தலிலே எழுதி ஒட்டினோம். முதற்றடவையிலும் விரைவாகவே பணம் சேர்ந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கிய கிழமை நான் சந்தைக்குச் சென்று ஆச்சியிடம் சொன்னேன். அவர் வழமைபோல் ஐம்பது ரூபாவை எடுத்து நீட்டி, "இனிப் போடுற காசுக்கு ரிசீற்றை என்ரை பேரிலை எழுதாதையுங்கோ மாஸ்ரர், அவற்றை பேரிலை எழுதுங்கோ" என்றார். அவருடைய கணவர் சிறுநீரக நோயால் இறந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.