கையிலிருந்து கேமராவுக்கு: தேயிலை தரம் பிரித்தல், அன்றும் இன்றும்

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். முதுகில் கூடை, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். இன்று அதே சரிவுகளில் வெட்டுக் கத்தரிகளும், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரங்களும் வேலை செய்கின்றன. அவற்றைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கை பார்த்துக் கிள்ளும். இயந்திரம் வாரிக்கொண்டு வரும். கொழுந்தோடு முற்றிய தண்டும் சேர்ந்துவிடுவதால், தோட்டத்தில் நடந்த தேர்வு ஆலைக்கு நகர்ந்தது.

அந்நாளின் தேயிலை ஆலைகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, உலர்ந்த தூளிலிருந்து குச்சி பொறுக்கினார்கள். கண் சோர்ந்தால் வேலையும் தளரும். இந்நாளில் உலகின் பல தேயிலை ஆலைகளில் அதை நிறம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. தூள் சரிந்து விழும்போதே கேமராக்கள் படமெடுக்கின்றன. சில மில்லி நொடிகளில் காற்றுக் குழல் குச்சியை ஊதித் தள்ளுகிறது.

கேமராக்களைக் கணினியோடு இணைக்கும் முறையும் மாறிவிட்டது. அனலாக் காலத்து பிஏஎல் கேமரா நொடிக்கு 25 படம் தந்தது. கணினியின் பிசிஐ பாதை, எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாக நொடிக்கு 133 மெகாபைட் சுமந்தது. இன்று 2,048 புள்ளி அகலத்தில் வரி வரியாகப் படமெடுக்கும் ஒரு வண்ணக் கேமரா, நொடிக்கு 20,000 வரி எடுத்தால், தனியாகவே ஏறத்தாழ 123 மெகாபைட் அனுப்பும். நான்கு கேமராவுக்கு 490 மெகாபைட்டைத் தாண்டும். சாதாரண ஜிகாபிட் ஈதர்நெட் கேபிள் நூறு மீட்டர் ஓடும். ஆனால் ஒரு கேமராவின் இந்தச் சுமையைக்கூடத் தாங்காது. யுஎஸ்பி 3 வேகம் தரும். ஆனால் அதன் கேபிள் சில மீட்டரைத் தாண்டக் கூடாது. 10 ஜிகாபிட் ஈதர்நெட்டோ, நான்கு போர்ட் கொண்ட கோஆக்ஸ்பிரஸ் கார்டோ நான்கு கேமராவின் சுமைக்குப் பொருந்தும். கார்டு செருகும் ஸ்லாட்டும் அந்த மொத்தத்தைச் சுமக்க வேண்டும். எல்லாக் கேமராக்களும் ஒரே டிரிகரில் இயங்க வேண்டும். தாமதித்தால் காற்று நல்ல தூளைத் தள்ளிவிடும்.

இந்த மாற்றங்களால் குனிந்த முதுகுக்கும் எரிந்த கண்ணுக்கும் ஓய்வு கிடைத்தது. வேகமும் சீரும் கூடின. நூற்றுக்கணக்கான விரல்களின் தேர்ச்சியும், அதை நம்பியிருந்த கூலியும் போயின.

ஆகவே இத்தகைய இயந்திரம் வாங்குவோர் கேமராவின் விலையைக் கேட்கும் முன் மொத்தத் தரவையும், கேபிளின் நீளத்தையும், ஸ்லாட்டின் வேகத்தையும் கணக்கிடட்டும். எது குச்சி, எது நல்ல தூள் என்று இயந்திரத்துக்குக் கற்றுத்தரும் நாளில், அந்த வேலையைக் கையால் செய்தவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளட்டும். அந்த அறிவு எந்தக் கார்டோடும் சேர்ந்து வருவதில்லை.