முதுமைக்கும் ஒரு பங்கு

பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு மாலை வேளை. அயல் வளவிலுள்ள கமக்காரர் ஒருவர் கையில் ஒரு கடிதவுறையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுபதை அண்மித்தவர், மூன்று பெண்மக்களின் தந்தை. மூத்தவர் இருவருக்கும் வீடு கட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். இளையவளுக்கு, தாமும் மனைவியும் குடியிருக்கும் வீட்டையே கொடுப்பதாக எழுதப்பட்ட உறுதியின் வரைவு அந்த உறைக்குள் இருந்தது. அதை வாசித்துப் பொருள் சொல்லும்படி கேட்டார்.

வாசித்து முடித்தபின், "இதன்பிறகு உங்கள் பெயரில் என்ன இருக்கும், காக்கா?" என்று வினவினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "எனக்கு மகள்தானே தம்பி பென்சன்" என்றார்.

நேயர்களே, அந்த விடையைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் இக்கரையோரத்து ஏனைய ஊர்களிலும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதே தொன்றுதொட்ட வழக்கம். மகளுக்கு வீடு கொடுத்துவிட்டு, அவளுடைய வளவிலேயே ஒரு பக்கத்தில் பெற்றோர் முதுமையைக் கழிப்பர். இவ்வகையில் வீடு மகளுக்குச் சீதனமாகவும் பெற்றோருக்கு ஓய்வூதியமாகவும் அமைகிறது. ஆயினும் வீடு உறுதியில் எழுதப்படுகிறது. பராமரிப்போ எங்கும் எழுதப்படுவதில்லை. மருமகனுக்கு வெளியூரில் தொழில் கிடைக்கலாம். கடன் நெருக்கி வீடு விற்கப்படலாம். மகளின் அன்பு குறையாதிருக்கும்போதே பெற்றோர் இடமின்றி நிற்க நேரிடலாம்.

இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. காணியும் வீடும் கைமாறுவதாயின் அது எழுத்தில், நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேற வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இந்நாட்டில் உள்ள விதி. அந்த உறுதியிலேயே, கொடுப்பவர் தமக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ளலாம். அதாவது, வீடு மகளுக்கு உரியதாகும்; ஆனால் பெற்றோர் உயிருடன் உள்ளவரை அதில் வாழ்ந்து அனுபவிக்கும் உரிமை அவர்களிடமே இருக்கும். கையொப்பமிடுமுன் நொத்தாரிசிடம் இதனைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். கையொப்பமிட்டபின் வருந்திப் பயனில்லை.

எனினும், இருக்க இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? மருந்துக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். என்போன்ற அரசாங்க ஊழியருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். தனியார் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் ஊழியரின் பங்கு 8 சதவீதம். முதலாளியின் பங்கு 12 சதவீதம். 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். உங்கள் பெயரில் இவை செலுத்தப்படுகின்றனவா என்று கேட்டறியுங்கள். அது உங்கள் உரிமை. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை மொத்தமாகப் பெறலாம். ஆனால் எங்கள் பகுதியில் அத்தொகை வந்த கையோடு இன்னொரு மகளின் வீட்டுக்குக் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கமக்காரருக்கென 1987 இல் ஓய்வூதியத் திட்டம் ஒன்று சட்டமாக்கப்பட்டது. அதில் கிடைக்கும் தொகை ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவினதன்று. மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்துத் தங்கையருக்கு வீடு கட்டும் இளைஞருக்கோ அங்கே ஓய்வூதியம் எதுவும் இல்லை. ஆகவே இவர்கள் தாமே தமக்கு ஒரு நிதியை உருவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

அது எவ்வாறு? எந்தக் கமக்காரனும் விதைநெல்லை உண்பதில்லை. களத்திலேயே அதை முதலில் ஒதுக்கிவிடுவான். முதுமைக்குரிய பங்கும் அவ்வாறே செலவுக்கு முன்னர் ஒதுக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இரு போகம் விளைவிப்பவருக்கு 35 வயது முதல் 60 வயது வரை 50 போகங்கள் உள்ளன. போகத்துக்கு 20,000 ரூபாய் வைத்தால் இலாபம் எதுவும் சேராமலே பத்து இலட்சம் ஆகும். 50 வயதில் தொடங்குபவருக்கு எஞ்சியிருப்பவை 20 போகங்களே. அதே தொகைக்கு அவர் போகத்துக்கு 50,000 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

ஒதுக்கியதை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. பெட்டியில் பூட்டிய பணம் களவு போகாவிட்டாலும் தேய்ந்து போகும். 2022 செப்டெம்பரில் இந்நாட்டுப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு 170 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. வீடு ஒன்றே செல்வம் என்றிருப்பதும் ஆபத்தே. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கியபோது எங்கள் கரையோரத்தில் எத்தனை வீடுகள் ஒரு காலைப்பொழுதில் அழிந்தன! ஆதலால் ஒரு பகுதியை வங்கியிலும், ஒரு பகுதியைப் பொன்னிலும், இயன்றால் ஒரு பகுதியைக் காணியிலும் பிரித்து வைப்பதே அறிவுடைமை. வட்டியை விரும்பாதோருக்கு இலாபப் பங்கீட்டுக் கணக்குகள் உள்ளன. முற்றிலும் இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011 இல் தொழிற்படத் தொடங்கியது.

ஆண்டுக்கொரு நாள் ஸகாத்துக்காகச் சொத்தைக் கணக்கிடும் நல்வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதே நாளில் இன்னொரு தாளை எடுத்து, "உழைக்க இயலாத காலத்துக்கு என் பெயரிலும் மனைவியின் பெயரிலும் என்ன இருக்கிறது?" என்றும் எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறைக்கும்படி நான் கூறவில்லை. பெற்றோர் எவருக்கும் சுமையாகாதிருப்பதும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கொடைதான்.

அயலவர் அந்த வரைவை நொத்தாரிசிடம் திரும்பக் கொண்டுசென்று சீவிய உரித்தைச் சேர்ப்பித்தார். மகள் மனம் வருந்துவாளோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. உறுதியை வாசித்துக் காட்டியபோது அவள் கேட்டது இதுதான்: "இதை ஏன் வாப்பா முதலிலேயே எழுதவில்லை?"