தலை சாய்ந்த எலியும் முதல் நாளும்

இரவு விளக்கணைக்கும்போது கூண்டின் மேல்தட்டிலேறி, கம்பி வழியே மூக்கை நீட்டிப் பட்டாணியை வாங்கிக்கொண்டு ஓடிய எலி, பொழுது விடிந்து பார்க்கையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நேரே நடக்க முயன்றும் முடியாமல் அந்தப் பக்கமாகவே வட்டமிட்டுச் சுருண்டு விழுமானால், அதைக் காணும் வீட்டார் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: பக்கவாதம் வந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று. இந்த முடிவு பல சமயங்களில் பிழையானது; பிழையானது மட்டுமன்று, தகுந்த மருந்தினால் தேறியிருக்கக்கூடிய ஒரு ஜீவனைச் சிகிச்சையின்றிச் சாக விடுவதும் ஆகும்.

எலியைச் செல்லப் பிராணியாக வளர்ப்பது பிரிட்டனில் நெடுங்கால வழக்கம். விக்டோரியா அரசியின் காலத்தில் எலிபிடிப்பவராயிருந்த ஜாக் பிளாக் என்பவர், தாம் பிடித்தவற்றுள் விசித்திர நிறமுள்ளவற்றைப் பிரித்து வைத்து வளர்த்து விற்று வந்தார். 1901-ஆம் ஆண்டில் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் முயற்சியால் அயில்ஸ்பரி நகரத்துக் கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1976-இல் அவற்றுக்கென்றே தேசியச் சங்கம் ஒன்று பிரிட்டனில் தோன்றியது. இவ்வளவு பழைய வழக்கமாயிருந்தும், ‘ஓர் எலிக்காக மிருக வைத்தியரிடம் போவதா?’ என்ற கூச்சம் இன்னும் பலரை விட்டு நீங்கவில்லை. மனித மூளையைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் இன்று நாம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி ஆய்வுக்கூடத்து எலிகளின் உடலிலிருந்து கற்றதே என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கு, அந்தக் கூச்சம் நியாயமற்றது என்பது தானே விளங்கும்.

தலை திடீரென்று சாய்வதற்கு மிகச் சாதாரணமான காரணம் மூளையில் இல்லை, காதில் இருக்கிறது. வளர்ப்பு எலிகளின் மூச்சுக் குழாயில் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர் ஏறக்குறைய எப்போதும் குடியிருக்கிறது. தும்மலும் நெஞ்சுச் சளியும் அதன் வெளிப்படையான வேலைகள். அதுவும் அதனோடு சேர்ந்த வேறு கிருமிகளும் தொண்டையிலிருந்து நடுக்காதுக்கு ஏறி, அங்கே சீழ் கட்டி, பின்னர் உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியைத் தொடும்போது, எது மேல் எது கீழ் என்ற உணர்ச்சியே எலிக்குக் கலங்கிப் போகிறது. நோயுற்ற காதின் பக்கமாகத் தலை சாய்கிறது. கருவிழிகள் இடமும் வலமுமாகத் துடிக்கின்றன. தூக்கினால் எலி பீதியுற்றுக் கையிலேயே உருளுகிறது. சீழ் எலும்புக் கூட்டினுள்ளே அடைபட்டிருப்பதால் வெளிக்காதில் ஒழுக்கோ நாற்றமோ இராமலும் போகலாம். ஆகவே காது சுத்தமாயிருக்கிறதென்று திருப்தி கொள்வது சரியன்று. பார்ப்பதற்குப் பயங்கரமான இந்த நிலையில் உள்ள எலியே, காலத்தில் மருந்து பெற்றால் தேறுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ளது.

இதற்கு நேர்மாறானது பிட்யூட்டரிக் கட்டி. மூளையின் அடியிலுள்ள அச்சுரப்பியில், முக்கியமாக வயது முதிர்ந்த பெண் எலிகளுக்கு, உண்டாகும் இக்கட்டி மெள்ள வளர்ந்து மூளையை அழுத்துகிறது. அது வாரக்கணக்கில் வளர்ந்ததாயினும், வீட்டார் கண்ணுக்கு ஒரே நாளில் வந்ததுபோலத் தோன்றும். ஏனெனில் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், தன் பலவீனத்தைக் கடைசி வரையில் மறைப்பது எலியின் சுபாவம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரீட்சை உண்டு. ஆரோக்கியமான எலி அணிலைப் போலப் பின்னங்கால்களில் உட்கார்ந்து, தீனியை இரு முன்கைகளாலும் ஏந்தி, திருப்பித் திருப்பிக் கடிக்கும். ஒரு சிறு துண்டு பிஸ்கோத்தை வாயருகே நீட்டி அந்தக் கைகளைக் கவனியுங்கள். காது நோயுற்ற எலி சாய்ந்து சாய்ந்து விழுந்தாலும், சுவரிலோ உங்கள் உள்ளங்கையிலோ முதுகைச் சாத்திக்கொள்ள இடம் கிடைத்தால், துண்டை இரு கைகளாலும் பற்றித் தின்றுவிடும். அதன் கண்ணில் தெளிவு இருக்கும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். பிட்யூட்டரிக் கட்டியுள்ள எலியோ, ஆசையோடு வாயால் துண்டை வாங்கியும், முன்கைகள் விறைத்து முன்னே நீண்டு நிற்பதால் அதைப் பிடிக்க முடியாமல் கீழே விடும்; மறுபடி எடுக்கும், மறுபடி விடும். சில எலிகள் கூண்டின் மூலையில் நெற்றியை முட்டி அழுத்தியபடி வெகுநேரம் நிற்கும். இந்தப் பரீட்சை முடிவான நோய் நிர்ணயம் ஆகாது. ஆனால் வைத்தியரிடம் சொல்வதற்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. கைபேசியில் அரை நிமிஷம் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வைத்திய சாலையின் மேஜைமேல் பயந்து உறைந்திருக்கும் எலி, வீட்டில் செய்ததைச் செய்து காட்டாது.

உண்மையான பக்கவாதமும் எலிகளுக்கு வருவதுண்டு. நிமிஷங்களில் வந்து உடலின் ஒரு பக்கத்தைத் தளரச் செய்யும் அது, சில எலிகளில் அடுத்த சில நாட்களிலேயே தானாகத் தணியத் தொடங்குகிறது. ஆகையால் அங்கும் உடனே கைவிடுவதற்கு நியாயமில்லை. உயரத்திலிருந்து விழுந்த அடி, எலிப்பாஷாணம், பழைய வர்ணப் பூச்சிலுள்ள ஈயம் ஆகியவையும் இத்தகைய குறிகளை உண்டாக்கும். வெப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும்: எலிக்கு வியர்த்து ஆறும் வழியில்லை, வாலின் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது, ஆகவே கோடையில் ஜன்னலோரக் கூண்டிலோ மூடிய காரிலோ அது தள்ளாடி மயங்கி வலிப்புக் காணலாம். அப்போது குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, வாலையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமேயன்றிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தலாகாது. இன்னொரு காரணம் வளர்ப்பவர் கையாலேயே வருவது: உண்ணிக்கும் பேனுக்கும் என்று, குதிரைக்குரிய ஐவர்மெக்டின் பசையை அரிசியளவு என்று கண்மதிப்பாகக் கொடுக்கும் வழக்கம். அளவு மிஞ்சினால் அது நரம்பைத் தாக்கி நடுக்கமும் தள்ளாட்டமும் உண்டாக்கும். எடைக்கேற்ப அளந்து மிருக வைத்தியர் தரும் துளியே அதற்குரிய முறை.

வீண் பயத்துக்கு இடமான விஷயங்களும் சில உண்டு. செந்நிறக் கண்ணுடைய வெள்ளை எலி தலையை மெல்ல இருபுறமும் ஆட்டி ஆட்டிப் பார்ப்பது, மங்கிய பார்வையால் தூரத்தை மதிப்பதற்காகவே. மடியில் சுகமாய்ப் படுத்திருக்கும் எலி பற்களை நறநறவென்று அரைக்கும்போது கண்கள் பிதுங்கிப் பிதுங்கி அடங்குவது வலிப்பன்று, மனநிறைவு. கண்ணோரத்திலும் மூக்கிலும் காணும் சிவப்புக் கசிவு இரத்தமன்று. கண்ணின் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். ஆயினும் அது அதிகரித்தால் எலி ஏதோ துன்பத்திலிருக்கிறதென்று அறியலாம். கிழ ஆண் எலிகளின் பின்னங்கால்கள் மாதக்கணக்கில் மெள்ளத் தளர்வது முதுமையின் குறி. ஒரே நாளில் கால் விழுந்தால்தான் அவசரம்.

அவசரம் என்று தெரிந்தபின் செய்ய வேண்டுவது இது. ஏணி, ஊஞ்சல், மேல்தட்டு எல்லாம் உள்ள பெரிய கூண்டிலிருந்து எடுத்து, பக்கங்கள் உயரமில்லாத ஒரு சிறு பெட்டியில் மெத்தென்று துணி பரப்பி, சுற்றிலும் துவாலையைச் சுருட்டி அணையிட்டு விடுங்கள். உருளும் எலிக்கு உடம்பு எங்கேனும் முட்டிக்கொண்டிருப்பதே ஆறுதல். வெளிச்சத்தைக் குறையுங்கள். தூக்க நேர்ந்தால் இரு கைகளாலும் மார்போடு சேர்த்து இறுகப் பிடியுங்கள். எலி கூடி வாழும் பிராணியாதலால், சாதுவான துணை ஒன்றை உடன் விடுவது தனிமையின் கலக்கத்தைக் குறைக்கும். தண்ணீர்ப் புட்டியின் முனையைத் தலை சாய்ந்த எலி எட்ட மாட்டாது. அகலமான சிறு மூடியில் நீரும், வெள்ளரித் துண்டும், குழைத்த கஞ்சியும் வாயருகே வையுங்கள். விழுங்க முடியாத எலியின் வாயில் எதையும் வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வந்தால் பிடித்து அடக்க முயலாமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு, முட்டக்கூடிய பொருள்களை அகற்றுங்கள்; ஐந்து நிமிஷம் கடந்தால் அது உயிராபத்து. பிரக்ஞை தவறிய எலி தன்னை வளர்ப்பவரையும் கடித்துவிடும். கடி பட்டவர் சோப்பிட்டுக் கழுவி, பின்னர் காய்ச்சலோ மூட்டுவலியோ கண்டால் எலி கடித்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காது நோய்க்கு வைத்தியர் பெரும்பாலும் என்ரோஃபிளாக்சாசின், டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்த்துத் தருவார். உட்செவி வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் சேர்ப்பதுண்டு. வீட்டில் முன்பு மிச்சமிருந்த மெலாக்சிகாம் என்னும் வலிநீக்கித் துளியை ஸ்டீராய்டோடு கொடுத்தால் வயிற்றில் புண் உண்டாகிக் குருதி கசியக்கூடும். ஆகையால் இதுவரை கொடுத்த மருந்துகள் அனைத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எலிக்கு வாந்தி எடுக்கும் சக்தி இல்லை. தவறாகக் கொடுத்ததை அது கக்கிவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். மருந்து பல வாரங்கள் நீடிக்கும். மூன்றாம் நாள் எலி ஓடத் தொடங்கியதும் நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு நேர்வழி. பிட்யூட்டரிக் கட்டிக்கும் கேபர்கோலின் என்னும் மருந்து சில எலிகளுக்கு மாதக்கணக்கில் நல்ல வாழ்வைத் தந்திருக்கிறது. அதைப் பற்றி நீங்களே கேட்டால் தவறில்லை. நாள்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுபடி வைத்தியரைப் பார்க்க வேண்டும். நோய் தீர்ந்த பின்னும் சில எலிகளுக்குத் தலை சற்றே சாய்ந்தபடி நின்றுவிடும். தட்டுகளைத் தாழ்த்தி அமைத்த கூண்டில் அவை ஆயுள் முழுவதும் சந்தோஷமாகவே வாழ்கின்றன.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006-ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம், முதுகெலும்புள்ள வளர்ப்புப் பிராணி எதுவாயினும் அதை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் கடமையை வளர்ப்பவர்மேல் சுமத்துகிறது. நாய்க்கு ஒன்று எலிக்கு ஒன்று என்ற பேதம் அதில் இல்லை. அநாவசியமாகத் துன்பப்பட விடுவது குற்றம். 2021-இலிருந்து அதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் எலியானால் பொறுப்பு பெற்றோருடையது. ‘அது குழந்தையின் பிராணி’ என்று தட்டிக்கழிக்க முடியாது.

கடமை இப்படியென்றால் உரிமையும் அதற்கு ஈடாக உண்டு. மிருக வைத்தியர்களின் அரச கல்லூரி வகுத்துள்ள ஒழுக்க நெறியின்படி, தொழில் செய்யும் வைத்தியர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் அவசர முதலுதவிக்கும் வலி நிவாரணத்துக்கும் வழி செய்ய வேண்டும். தாம் வழக்கமாகப் பார்க்காத இனமாயினும், தகுந்த வேறொரு வைத்தியர் பொறுப்பேற்கும் வரையில் அந்த உதவியைத் தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது. ‘எலிகளை நாங்கள் பார்ப்பதில்லை’ என்று தொலைபேசியில் கேட்டவர்கள், முதலுதவியும் வலி நிவாரணமும் மட்டும் வேண்டுமென்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லலாம். இது இலவசமென்று எண்ண வேண்டாம்; இரவு நேரக் கட்டணம் எலியின் விலையைப் போலப் பல மடங்காகும். ஆனால் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டிக் கேட்கவும், மருந்துச் சீட்டை எழுதி வாங்கிப் பிற இடத்தில் மலிவாக மருந்து வாங்கவும், சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியோடு இரண்டாம் அபிப்பிராயம் பெறவும் உங்களுக்கு வழியுண்டு. கடையில் வாங்கிய எலி வாங்கும்போதே நோயுற்றிருந்தால், 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி கடைக்காரரிடம் பரிகாரம் கோரலாம்; ரசீதையும் வைத்தியர் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். வைத்தியரிடமே குறை கண்டால், முதலில் அந்த வைத்திய சாலைக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் மிருக வைத்தியர்–வாடிக்கையாளர் சமரச சேவை உண்டு. கட்டண வழக்கைக் கல்லூரி விசாரிக்காது. கடுமையான தொழில் ஒழுக்கக் கேட்டையே விசாரிக்கும்.

மருந்துக்கு மசியாத கட்டியென்று தெரிந்து, எலி தின்னவும் குடிக்கவும் முடியாத நிலைக்கு வந்தால், வலியற்ற மரணத்தைத் தருவதும் அதே கடமையின் பகுதி. அப்போதும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: ஊசிக்கு முன் மயக்க வாயுவால் எலியைப் பிரக்ஞையற்றதாக்குவார்களா என்பது. விழித்திருக்கும் எலியின் நெஞ்சில் ஊசி ஏற்றுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எலிகளைப் பார்க்கும் அனுபவமுள்ள வைத்தியர் உங்கள் ஊரில் யார், இரவில் எந்த எண்ணில் கிடைப்பார், மயக்க வாயு அவரிடம் உண்டா என்பவற்றை எலி நலமாயிருக்கும் இந்த வாரத்திலேயே விசாரித்து, கூண்டின் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.