"டூரிஸ்ட்னு சொல்லு தம்பி" என்றால்... உஷார்!

வீட்டில் யாருக்காவது தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்திருக்கிறதா? பெட்டி கட்டுவதை நிறுத்துங்கள். முதலில் இதைப் படியுங்கள்!

எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன். டிப்ளமோ முடித்தவன். இன்டர்வியூ என்று நடந்தது வெறும் டைப்பிங் டெஸ்ட். மாதம் 80,000 ரூபாய் சம்பளம் என்றார்கள். அம்மா வளையலை அடகு வைத்து ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தாள். ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்த ஏஜென்ட், "இமிக்ரேஷன்ல கேட்டா டூரிஸ்ட்னு சொல்லு தம்பி. வேலைன்னு வாயைத் திறக்காதே" என்றான்.

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்! 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமலே உள்ளே விட ஆரம்பித்தது தாய்லாந்து. அது ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. வேலை பார்க்க அதற்கான விசா வேண்டும், வொர்க் பெர்மிட்டும் வேண்டும். இது தெரியாமல்தான் பிள்ளைகள் சிக்குகிறார்கள்.

பாங்காக்கில் ஏறிய கார் ஆபீசுக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க ஓடி, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மே சோட்டில் நின்றது. அங்கே மோய் ஆறு. படகில் ஏற்றினார்கள். அக்கரை மியான்மர், மியாவாடி! பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலை என்ன தெரியுமா? பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து, முன்பின் தெரியாதவர்களிடம் கொஞ்சிப் பேசிப் பணம் கறப்பது. டார்கெட் முடியவில்லையா, அடி.

2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதமே 13 தமிழர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். இன்னும் ஏமாறுகிறோமே! தப்பி வந்தாலும் நிம்மதியில்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டிய வழக்கு பிள்ளை தலையில்தான் விழும். ஏஜென்ட் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுவான்.

"முதல்ல விசிட்ல போ, அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறானா? ஆபத்து! கம்பெனி முகவரி கேட்டால் மழுப்புகிறானா? ஆபத்து! "யார்கிட்டயும் சொல்லாதே" என்கிறானா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம்.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவன் கையில் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், தாயே!