இருபதாயிரம் பேரிடையே இருநூறு குரல்கள்

2018ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள். பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா அரங்கத்தில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதி ஆட்டம். ஒருபுறம் அந்த அரங்கத்தையே தன் வீடாகக் கொண்ட பெங்களூரு அணி; மறுபுறம் நம் சென்னையின் எஃப்.சி. ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் செலுத்துகிறார். அரங்கமே அதிர்கின்றது. பதினேழாம் நிமிடத்தில் சென்னை அணியின் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிச் சமன் செய்கிறார். இப்போது ஊர்க்காரர்கள் வாயடைத்துப் போகின்றனர். சென்னையிலிருந்து சென்றவர்களின் முறை வருகின்றது. முடிவில் 3–2 என்று சென்னை வென்றது. 2015இல் கோவாவின் ஃபடோர்டா அரங்கத்தில், கோவா அணியை எதிர்த்து முதற்கோப்பையைப் பெற்றபோதும் இதே 3–2 தான். இரண்டு கோப்பைகளையும் எதிரணியின் வீட்டிலேயே வென்ற அணி இது!

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ இருக்கும் நீங்களும் இரவு இரயிலேறி இப்படி ஒரு வெளியூர் அரங்கத்துக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் இருநூறு பேர். எதிர்ப்பக்கம் இருபதாயிரம் பேர். உங்கள் குரல் ஆட்டக்காரர்களின் காதில் விழுமா? இதற்கு இயற்பியல் தரும் விடை சற்று வியப்பானது.

நூறு மடங்கு கூட்டம், நான்கு மடங்கு ஓசை

ஓசையை டெசிபெல் என்னும் அலகால் அளக்கிறோம். இது மடக்கை முறையில் அமைந்த அளவு. ஒலியின் ஆற்றல் பத்து மடங்கானால் அளவு 10 டெசிபெல் கூடும்; நூறு மடங்கானால் 20 டெசிபெல் கூடும். நம் காதும் ஏறத்தாழ இந்த முறையில்தான் கணக்கிடுகின்றது. ஒலி 10 டெசிபெல் கூடினால், 'இரண்டு மடங்கு உரக்கக் கேட்கிறது' என்றே நாம் உணர்கிறோம்.

இனிக் கணக்குப் போடுங்கள். எதிரணிக் கூட்டம் உங்களைப்போல் நூறு மடங்கு. எளிமைக்காக எல்லாரும் ஒரே தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அவர்களுடைய ஓசை 20 டெசிபெல் மட்டுமே அதிகம். காதுக்கு அது நான்கு மடங்குதான்!

ஆயினும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினால் உங்கள் குரல் எடுபடாது. பகலில் விண்மீன்கள் வானத்தில் இருந்தும் தெரிவதில்லை அல்லவா? அதுபோல் பேரோசை சிற்றோசையை மறைத்துவிடும். ஆனால் எதிரணியினர் கோல் வாங்கியவுடன் என்ன ஆகின்றது? அவர்கள் கத்துவதை நிறுத்தித் தங்களுக்குள் பேசத் தொடங்குகின்றனர். உரக்கக் கத்துவதற்கும் சாதாரணப் பேச்சுக்கும் இடையே சுமார் 25 டெசிபெல் வேறுபாடு உண்டு. ஆகவே, கத்தும் இருநூறு பேர், பேசும் இருபதாயிரம் பேரைவிட 5 டெசிபெல் மிஞ்சி நிற்பர். வெளியூர் ரசிகர்களின் பாட்டு அத்தகைய வேளையில் அரங்கம் முழுவதும் ஒலிப்பதன் இரகசியம் இதுதான்.

தாளமும் உதவும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் இரைச்சலிலும் கடைக்காரர் ஒருவர் ஒரே இராகத்தில் திரும்பத் திரும்பக் கூவி அழைப்பது தனியாகக் கேட்கின்றது. ஒழுங்கற்ற இரைச்சலுக்கு நடுவே ஓர் ஒழுங்கு வந்தால் காது அதைப் பற்றிக்கொள்ளும். மயிலையில் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்திலும் நாதசுரம் தனித்துக் கேட்பதை நினைத்துப் பாருங்கள். நம் காது வினாடிக்கு 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளை மிக நுட்பமாக உணரும். நாதசுரத்தின் கூரிய ஒலியில் இத்தகைய உயர் அதிர்வுகள் நிறைந்துள்ளன.

ஏன் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்கென 3,000 இடங்கள் வரை ஒதுக்கப்படுகின்றன. அவர்களை ஒன்றாக உட்கார வைப்பது பாதுகாப்புக்காக. ஆனால் அதனால் அவர்களுக்கு ஒலியிலும் ஒரு நன்மை கிடைக்கின்றது.

சென்னையின் வெப்பநிலையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். அரங்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி சுமார் 200 மீட்டர் என்றால், பாட்டு அங்கே சென்று சேர அரை வினாடிக்கு மேலாகும். வினாடிக்கு இரண்டு முறை கைதட்டும் கூட்டத்துக்கு அது ஒரு முழுத் தட்டு! சுற்றிலும் பரவி அமர்ந்திருக்கும் உள்ளூர்க் கூட்டம் ஒரே தாளத்தில் பாட இயலாமல் குழம்புவது இதனால்தான். இருபது மீட்டருக்குள் அமர்ந்திருக்கும் உங்களுக்கோ தாமதம் வினாடியில் பதினேழில் ஒரு பங்குதான். தாளம் தப்பாது.

இதை நீங்களே சோதிக்கலாம். விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு நண்பர் ஒருவருடன் செல்லுங்கள். அவரை 175 மீட்டர் தள்ளி நிற்கச் செய்து, ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் வினாடிக்கு இருமுறை சீராகத் தட்டச் சொல்லுங்கள். கை இறங்குவதும் ஓசை வருவதும் சரியாகப் பொருந்துவதுபோல் தோன்றும். இப்போது சட்டென்று நிறுத்தச் சொல்லுங்கள். கை நின்ற பிறகும் ஓர் ஓசை வந்து சேரும்! நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் முந்தைய தட்டின் ஓசைதான்.

குரல் வேறு, கால் வேறு

இதுவரை சொன்னது மகிழ்ச்சிக்குரியது. இனிச் சொல்லப்போவது எச்சரிக்கை.

நூறு பேர் ஒன்றாகப் பாடினால் ஒலியின் ஆற்றல் நூறு மடங்காகும். ஆனால் காற்றில் ஏற்படும் அழுத்த அதிர்வின் வீச்சு பத்து மடங்குதான் ஆகும். காரணம், குரல் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்கின்றது. ஒருவர் குரலின் முகடும் மற்றவர் குரலின் முகடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டுமானால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாது. மனிதரால் அது ஆகாது. சில முகடுகள் கூடும். சில ஒன்றையொன்று அழிக்கும்.

குதிப்பது அப்படியன்று. நாம் வினாடிக்குச் சுமார் இரண்டு முறைதான் குதிக்கிறோம். ஒரு பாட்டும் ஒரு முரசும் இருந்தால் நூறு பேரின் கால்களும் ஏறக்குறைய ஒரே நொடியில் தரையைத் தாக்கும். அவரவர் விருப்பப்படி குதித்தால் தாக்கத்தின் ஏற்ற இறக்கம் பத்து மடங்கு. தாளத்தோடு குதித்தால் நூறு மடங்கு! அதுவும் ஒருவர் கால் ஊன்றும் கணத்தில் தரும் விசை அவரது எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கலாம்.

இதனுடன் ஒத்ததிர்வும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். வீட்டு ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே போதும். வீசி ஆடத் தொடங்கும். ஒவ்வொரு கேலரிக்கும் இப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது வினாடிக்கு இரண்டாக இருந்தால் ஒவ்வொரு குதியும் அதை மேலும் ஆட்டும். நான்காக இருந்தாலும் தப்பவில்லை. ஒன்று விட்டு ஒரு முறை ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் அதுவும் வேலை செய்யும். ஆகவேதான் பொறியாளர்கள் கேலரியின் இயல்பு அதிர்வெண் குதிப்பின் வேகத்தைவிட நன்கு உயர்ந்திருக்குமாறு கட்ட முயல்கின்றனர்.

1831இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலத்தின் மீது படைவீரர்கள் சீராக அடியெடுத்து நடந்தபோது பாலம் இடிந்து விழுந்தது. அதன் பின்னர், பாலத்தின்மேல் செல்லும்போது நடையின் ஒழுங்கைக் கலைத்துக்கொள்ளும் வழக்கம் படைகளில் ஏற்பட்டது.

பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2021 அக்டோபர் 17 அன்று நெதர்லாந்தின் நைமேகன் நகர அரங்கத்தில் வெளியூர் அணியான விட்டெஸ் 1–0 என வென்றது. அதன் ரசிகர்கள் தங்களுக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரே தாளத்தில் குதித்துக் கொண்டாடினர். அவர்களுடைய காலடியில் இருந்த கான்கிரீட் கேலரி முறிந்து அமிழ்ந்தது! கீழே நின்ற ஒரு சரக்குப் பெட்டி அதைத் தாங்கிக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை.

புறப்படும் முன்

ஆகவே வெளியூர் அரங்கம் செல்லும் நண்பர்களே, சேர்ந்து உட்காருங்கள். எதிரணிக் கூட்டம் ஓயும் வேளைக்காகக் காத்திருந்து பாடுங்கள். தாளம் கையில் இருக்கட்டும், காலுக்கு வேண்டாம். கேலரி நடுங்குவதாக உணர்ந்தால் முதலில் குதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். குதிப்பு நின்றால் அதிர்வு சில வினாடிகளில் அடங்கும். முண்டியடித்து ஓடாமல், அங்குள்ள காவலரிடம் சொல்லிவிட்டு அமைதியாக நகருங்கள்.

இன்னொன்று. பெரியமேடு நேரு அரங்கத்துக்கும் ஒரு நாள் வெளியூர் ரசிகர்கள் வருவார்கள். ஒரு மூலையில் அமர்ந்து பாடுவார்கள். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணி 12 ரன்னில் இந்தியாவை வென்றபோது, முதலில் உறைந்துபோன நம் ஊர்க்கூட்டம் எழுந்து நின்று அந்த வீரர்களுக்குக் கைதட்டியது. வெளியூர்க்காரரின் இருநூறு குரல்கள் கேட்க வேண்டுமானால், இருபதாயிரம் பேர் சிறிது நேரம் அமைதியாக இருக்க வேண்டும். சென்னைக்கு அது கைவந்த பழக்கம்தான்.