மலையடிவாரத் தாளங்கள் – 9
உறுமும் குரலில் ஒரு சுலோகம்

சென்ற வாரம் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைப் பற்றி எழுதும்போது, கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் அவர் எழுப்பிய கும்கி என்ற குழைவான நாதத்தையும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விட்ட இடத்தையும் வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கொடைக்கானலில் படிக்கும் வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். “இதே அளவுகோலை டெத் மெட்டலுக்கும் வைப்பீர்களா, இல்லை அது வெறும் இரைச்சலா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். வைக்கத்தான் வேண்டும். வைத்துப் பார்ப்பதற்கு நம்மவர்களே ஒரு நல்ல உதாரணம் தந்திருக்கிறார்கள்.

ஹெவி மெட்டலின் கடுமையான கிளையான டெத் மெட்டல் 1980களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் உருத்திரண்டது. சக் ஷுல்டினரின் ‘டெத்’ குழு தன் முதல் ஆல்பத்தை 1987-இல் வெளியிட்டது. அதற்கு ஐந்தே ஆண்டுகளில், 1992-இல், சிங்கப்பூரில் ‘ருத்ரா’ தொடங்கியது. பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசிக்கும் கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவானந்த் பழனிசாமி இருவரும்தான் அதன் முதுகெலும்பு. கிதார்காரர்கள் மாறினார்கள், இவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறார்கள். தங்கள் இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழனி ஆண்டவரின் தைப்பூசம் சிங்கப்பூரிலும் பெரிய திருநாள். காவடிகள் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து போகும். அந்த ஊர்வலத்தில் வாத்தியங்கள் வாசிக்க 1973-இல் தடை வந்தது. வழியில் மூன்று இடங்களில் மட்டும் வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது 2016-இல்தான். உறுமி மேளத்துக்குத் தெருவில் இடமில்லாத ஊரில், தமிழ்ப் பிள்ளைகள் சிலர் டிரம்ஸை வைத்துக்கொண்டு இப்படியொரு முழக்கம் செய்தார்கள் என்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

அவர்களின் பெரிய சாதனை ‘பிரம்மவித்யா’ என்ற மூன்று ஆல்பங்கள்: 2005-இல் ‘பிரைமார்டியல் ஐ’, 2009-இல் ‘டிரான்ஸெண்டென்டல் ஐ’, 2011-இல் ‘இம்மார்டல் ஐ’. பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே சமஸ்கிருதம், பொருள் வேதாந்தம்.

முதலில் டிரம்ஸ். இந்த இசையில் இரண்டு காலாலும் மிதித்து பேஸ் டிரம்மை வாசிப்பார்கள். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற காலப்பிரமாணத்தில், ஒரு தட்டுக்கு நான்கு மிதி விழுந்தால் நொடிக்குப் பன்னிரண்டு. ஒரு காலுக்கு ஆறு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் உலகெங்கும் நூறு பேர் இதைச் செய்கிறார்கள். சிவானந்தின் தரம் வேகம் இறங்கும் இடத்தில்தான் தெரிகிறது. மந்திரம் ஓதும் பகுதிக்கு முன்பாகக் கால்களை நிறுத்தி, சிம்பலை மட்டும் நடக்கவிட்டு, குரல் வந்து உட்கார இடம் கொடுக்கிறார். பாட்டுக்கு வாசிக்கிறவர் அவர். நம் பக்கவாத்தியக்காரர்களிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே?

கிதாரில் எனக்கு அவ்வளவு நிறைவில்லை. மெட்டல்காரர்கள் மேலை நாட்டுப் பெயர் சொல்லி விரும்பி எடுக்கும் இரண்டு ஸ்வர வரிசைகள் நம் வகுளாபரணமும் மாயாமாளவகௌளையும்தான். சரளி வரிசையில் தொடங்கிய எந்தக் காதும் இந்த ஆல்பங்களில் அந்தச் சாயலைச் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் ஸ்வரம் ஒத்துப்போவதால் ராகம் வந்துவிடாது. ஒரே தந்தியை மின்னல் வேகத்தில் மேலும் கீழுமாக மீட்டும்போது ஸ்வரம் விறைத்து நிற்கிறது. கமகத்துக்கு வழியே இல்லை. தனி வாசிப்பில் தந்தியை இழுத்து வளைக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் அசைவு வருகிறது. அதை இன்னும் நிறையச் செய்திருக்கலாம்.

இந்த ஆல்பங்களின் உயிர் கதிரின் குரலில் இருக்கிறது. டெத் மெட்டல் உறுமலில் குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய் நாண்களும் சேர்ந்து அதிரும். அடிவயிற்று மூச்சுப் பிடிக்காமல் கத்தினால் தொண்டை புண்ணாகிவிடும். பலர் உறுமும்போது சொல் கரைந்து உறுமல் மட்டும் மிஞ்சும். கதிரிடம் எழுத்து கேட்கிறது. சமஸ்கிருத வரிகளின் கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கீதையின் சுலோகங்கள் பெரும்பாலும் அனுஷ்டுப் யாப்பு. ஓர் அடிக்கு எட்டு எழுத்து. நான்கு தட்டுச் சுற்றில் அது இயல்பாகப் போய் உட்காரும். பதினோரு எழுத்து வரும் திருஷ்டுப் அப்படி உட்காராது. எங்காவது நீட்டியோ நிறுத்தியோதான் சரிக்கட்ட வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்து, குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் வைத்து, கையில் பேஸையும் விடாமல் ஒருவர் பாடுகிறார் என்றால் அது சாதாரண லய ஞானம் இல்லை.

குறையும் உண்டு. ஒலிப்பதிவில் பேஸ் கிதார் மற்ற கிதார்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. கதிர் விரலால் செய்வதில் பாதி நமக்கு வந்து சேர்வதில்லை. அடுத்தடுத்த பாட்டுகள் ஒரே வேகத்தில் வரும்போது ஆல்பத்தின் நடுவில் ஒரு சலிப்பும் தட்டுகிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு என் தீர்ப்பு இது: மூன்றில் முழுமையானது 2009-இல் வந்த ‘டிரான்ஸெண்டென்டல் ஐ’. அதில் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சாரியட்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை குரலை மட்டும். பிறகும் இரைச்சலாகவே பட்டால் எனக்கு எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: உறுமி)