பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைக்கப் போகிறீர்களா?

பருப்பு மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் மகனோடு கடைக்கு வந்திருந்தார். "பையனைச் சட்டம் படிக்க வைக்கலாமென்று இருக்கிறேன். பகலில் கோர்ட், சாயங்காலம் கல்லா. வராத பாக்கிக்கு வெளியில் வக்கீல் தேட வேண்டாம் பாருங்கள்" என்றார்.

நம்மில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. ஆனால் அது நடக்காது. பார் கவுன்சில் விதிப்படி, சன்னத் பெற்றுத் தொழில் செய்யும் வக்கீல் சொந்தமாக வியாபாரம் நடத்தக் கூடாது. பரம்பரையாக வந்த கடையில் பங்கு வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. அதாவது லாபத்தில் பங்கு வரும், கல்லாவில் உட்கார முடியாது. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் இதை முதலிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. சட்டம் படித்துவிட்டு, சன்னத் வாங்காமல் கடையைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.

நண்பரின் முகம் சற்று வாடியது. பையன் முகம் வாடவில்லை! அவனுக்குக் கோர்ட்டில்தான் ஆசை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிளஸ் டூவில் எந்தப் பாடப் பிரிவு எடுத்தவரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. மதுரை, கோவை, திருச்சி, நெல்லை, செங்கல்பட்டு போன்ற ஊர்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு, 1997 முதல் இயங்கும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மதிப்பெண் அடிப்படையில் இடம் தருகிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். முழுவதும் ஆங்கிலம். நீளமான பத்தியைக் கொடுத்து அதிலிருந்தே கேட்பதால், மனப்பாடம் உதவாது. ஒரு வருடமாவது தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்துப் பழக வேண்டும். தபால் வழியில் சட்டம் படித்தால் சன்னத் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவது இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்குக் கடையே ஒரு பள்ளிக்கூடம். வாடகை ஒப்பந்தம், கூட்டு வியாபாரப் பத்திரம், திரும்பி வந்த செக்கோடு பேங்கில் தரும் சீட்டு, எடை முத்திரைச் சான்றிதழ் எல்லாம் நம் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பையனிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன உரிமை, என்ன கெடு என்று எழுதச் சொல்லுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காக வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது என்று 1932-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் பங்காளிகளாக வியாபாரம் செய்பவர்கள் நம் கடைத்தெருவிலேயே எத்தனை பேர்!

கெடு என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. வெளியூர் வியாபாரி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றார், நானும் நம்பினேன். பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நாற்பது நாள் ஓடிவிட்டது. அந்த செக்கை வைத்துச் செக் வழக்குப் போட வழியில்லாமல் போயிற்று. இப்படி ஒரு நஷ்டத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, 138-ஆம் பிரிவை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விடுமுறையில் உள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்கு அனுப்புங்கள். பொதுவாக விசாரணையை யாரும் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். சினிமாவில் வருவதுபோல் முழக்கம் இருக்காது, வாய்தாவே அதிகம். அதைப் பார்த்தும் ஆசை குறையாதவன் படிக்கட்டும். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழும் ஐகோர்ட்டில் ஆங்கிலமும் தேவை என்பதால், இரண்டிலும் பிழையில்லாமல் எழுதப் பழக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகக் கடையில் இந்தியத் தண்டனைச் சட்டம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட மாறிவிட்டன.

படித்து முடித்தபின் பார் கவுன்சிலில் பதிவு. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால், முதல் சில ஆண்டுகள் பஸ் செலவுக்கே வீட்டைத்தான் கேட்பான். புதுக்கடைக்கு முதல் போடுவதுபோல அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும்படி நண்பரிடம் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மண்டிக்கு ஒரு நல்ல குமாஸ்தா தெரிந்தால் சொல்லுங்கள்" என்றார்.